ஜெர்மன் அண்ணன் பேசிய ஜெர்மன்

மீன் குழம்பைக்கூட மொழிப் பாடமாக்கிக் கெடுக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே எங்கள் ஜெர்மன் அண்ணன் ஒருவர்தான்.

மலேசியாவின் செனாயில் நாங்கள் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலையின் முதலாளிகள் ஜெர்மன்காரர்கள். அங்கே மெஷின் பழுதுபார்த்த இவர், கைப்பேசியில் வீடியோ பார்த்தே ஜெர்மன் கற்றுக்கொண்டார். மிருகங்களின் பெயர்கள் மட்டும்.

"இங்கிலீஷ்ல ஃபிஷ், ஜெர்மன்லயும் ஃபிஷ், டச்சுல ஃபிஸ். எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்க லா!"

"அண்ணே, முள்ளு மாட்டிக்கும். சாப்பிட விடுங்க."

விடமாட்டார். எலி அங்கேயும் 'மவுஸ்', பூனை 'காட்ஸ', பசு 'கூ' என்று கேன்டீனையே தொழுவமாக்குவார். நாய்தான் அவருக்குத் தீராத துக்கம்.

"பழைய பேரு ஹவுண்ட். ஜெர்மன்காரன் இன்னும் ஹுண்ட்னுதான் கூப்பிடறான். இங்கிலீஷ்காரன் அதை வேட்டைக்கு விரட்டிட்டு, எங்கிருந்தோ வந்த 'டாக்'கை வீட்டுக்குள்ள விட்டுட்டான். சொந்தத்தை விரட்டலாமா தம்பி?"

ஒருநாள் ஜெர்மனியிலிருந்து பெரிய முதலாளி வந்தார். தொழிற்சாலையை வியட்நாமுக்கு மாற்றப்போவதாக ஆங்கிலத்தில் சொன்னார். பின்னாலிருந்து பாக்கிங் பிரிவு செல்வி அக்கா அண்ணனைத் தள்ளினார்.

"போங்கண்ணே! அவங்க பாஷையிலயே கேளுங்க. மனசு எறங்கும்."

அண்ணன் தொப்பியைக் கழற்றினார். வியர்த்திருந்தது.

"ஹுண்ட்," என்றார்.

முதலாளி திகைத்தார்.

"காட்ஸ. கூ. மவுஸ்."

யாரோ சிரித்தார்கள். பிறகு கூட்டமே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவினார்.

"சேம் ஃபேமிலி, சார். ஆல் சேம் ஃபேமிலி. வீ ஆல்சோ, சார்."

சிரிப்பு அடங்கியது. முதலாளி தரையைப் பார்த்து "ஸாரி" என்றார். சில மாதங்களில் மெஷின்கள் கப்பலேறின.

"போயும் போயும் மாடு, எலின்னு கத்தி மானத்தை வாங்கிட்டாரு" என்று பேசிக்கொண்டார்கள், அன்று வாயே திறக்காதவர்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

போன மாதம் பொந்தியானில் அவரைப் பார்த்தேன். ஒரு கிடங்கில் காவலர் வேலை. இளைத்திருந்தார். பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். ஒரு மிருகத்தின் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை.

"ஜெர்மன் எப்படிண்ணே போகுது?"

"விட்டுட்டேன் தம்பி. யாருக்கும் உதவல."

"அன்னிக்கு எங்களுக்காகப் பேசினது நீங்க ஒரு ஆளுதாண்ணே."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வந்து நின்ற பிறகும் விடவில்லை. நானும் இழுக்கவில்லை.