ஆலடி ஏரிக்கு வந்த குப்பை

ஏரிக்கரையில் ஒரு பிளாஸ்டிக் பைகூட இல்லை. மெர்வின் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரை நெடுக இன்னொரு முறை தேடிப் பார்த்தார்.

மெர்வின் தாம்பரத்தில் புவியியல் ஆசிரியர், பள்ளிப் பசுமை மன்றத்தின் செயலாளர். மாடம்பாக்கம் தாண்டியிருக்கும் ஆலடி ஏரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார். "குப்பையில் மூச்சுத் திணறிச் சாகிறது இந்த ஏரி" என்று தழுதழுத்த குரலில் பத்து நிமிடப் பேச்சை முன்கூட்டியே பதிவும் செய்துவிட்டார். நாளை மறுநாள் பள்ளி மொத்தமும் உட்கார்ந்து பார்க்கப்போகிறது. ஏரியோ, நாலு கூழைக்கடாக்களை மிதக்கவிட்டு, கழுவி வைத்த தட்டு மாதிரி பளபளத்தது.

மனைவி ஜோசலினுக்குப் போன் போட்டார்.

"நம்ம வீட்டுக் குப்பையைப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"போடாதே. நான் வந்து எடுத்துக்கறேன்."

"கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல இப்பதான் இந்த வார்த்தை வருது" என்றாள் ஜோசலின்.

ஒரு பையைக் கொண்டுவந்து கரையில் இறைத்தார். கேமரா வழியே பார்த்தால், யாரோ பிக்னிக் வந்துபோன மாதிரி இருந்ததே தவிர, ஏரி சாகிற மாதிரி இல்லை. திரும்பவும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருவில் வீடுவீடாக ஏறி இறங்கினார்.

"மாணவர்களுக்கு மக்காத குப்பை பத்திப் பாடம் சார்" என்று எதிர்வீட்டுத் தேவானந்தத்திடம் கூசாமல் புளுகினார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு வாத்தியாரா!" என்று நெகிழ்ந்துபோன அவர், பஞ்சு பிதுங்கும் தலையணை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

மூன்று மூட்டை. கொட்டியதும் ஏரி நிஜமாகவே பரிதாபமாக ஆனது. மெர்வின் திருப்தியாகக் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. பைகளெல்லாம் பறந்துபோய்த் தண்ணீரில் விழ, ஒரு கூழைக்கடா அதில் ஒன்றை ஆசையாகக் கொத்தப் போனது.

"ஏய், வேண்டாம்! தின்னாதே!"

பதறிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி, பையைப் பிடுங்கி நிமிர்ந்தார். ஒரு செருப்பு சேற்றோடு போயிருந்தது.

"இன்னா சார் பண்றீங்கோ?"

கரையில் துடைப்பத்தோடு ஒரு பெண் நின்றாள். துப்புரவுப் பணியாளர் ரேணுகாம்பாள்.

"குப்பை... பொறுக்கறேன்மா."

"படிச்சவங்க சேத்துல எறங்கி இன்னிக்குத்தான் சார் பாக்கறேன். இந்தாங்கோ" என்று ஒரு கோணியை நீட்டினாள்.

வேறு வழியில்லை. தான் கொட்டியதைத் தானே பொறுக்கினார். பக்கத்தில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து நிமிர்ந்தாள். தன் வீட்டு மீன் செதிலை அவள் வழித்தெடுத்தபோது, மெர்வினுக்கு உயிரே கூசியது.

திடீரென்று ஒரு கூரியர் கவரைத் தூக்கிப் பிடித்து எழுத்துக்கூட்டினாள்.

"மெர்வின், எம்.ஏ., பி.எட்., செயலாளர், பசுமை மன்றம்... எந்த பேமானி சார் இவன்?"

"தெரியலையேம்மா."

"இவ்ளோ படிச்சுட்டு இங்க வந்து கொட்டிக்கினு போயிருக்கான் பாருங்கோ. இவனையெல்லாம் இன்னா பண்ணலாம்?"

"நல்லாத் திட்டலாம்."

அவள் திட்டினாள். ஐந்து நிமிடம், மூச்சுவிடாமல். மெர்வின் தலையை ஆட்டி ஆமோதித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்கே தாங்கவில்லை. வகுப்பில் எத்தனை பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காகப் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறார்! கோணியைக் கீழே வைத்தார்.

"அம்மா, அந்த மெர்வின் நான்தான். படத்துக்காக நான்தான் கொண்டுவந்து கொட்டினேன். மன்னிச்சிருங்க."

நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. ரேணுகாம்பாள் நிதானமாகக் கோணியின் வாயைக் கட்டினாள்.

"தெரியும் சார், மூட்டையோட எறங்கும்போதே பாத்துட்டேன். இந்த மாசம் படம் எடுக்க வந்த நாலு பேர்ல நீங்க ஒருத்தர்தான் ஒத்துக்கினீங்கோ. உங்கள மாதிரி ஆளுங்க கொண்டாந்து கொட்டலன்னா, இந்த ஏரியில ஏது சார் குப்பை?"