கஸ்பார் கல்லூரியில் சேர்ந்தார்

ஜூன் மாதம் பிறந்தால் போதும், நம் பஸ் நிலையங்களில் ஒரு தனி வகை மனிதரைப் பார்க்கலாம். தோளில் சுருட்டிய ஜமுக்காளம், கக்கத்தில் குடை, கையில் வாளி, வாளிக்குள் சொம்பு, சொம்புக்குள் சோப்பு டப்பா. முகத்தில் மட்டும் படையை எல்லைக்கு நடத்திப் போகும் தளபதியின் கவலை. பக்கத்தில் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று நிற்கும். அதை நீங்கள் கவனிக்க மாட்டீர்கள். கவனிக்க அவர் விடமாட்டார். இவர்தான் கல்லூரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற அப்பா. பிள்ளை படிக்கப் போகிறது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும். போகிறவர் இவர், பிள்ளை துணைக்குப் போகிறது.

இந்த வகையில் பழுதில்லாத ஒரு மாதிரி வேண்டுமானால், 1973-ஆம் வருஷம் மரக்காணத்தில் இருந்த கஸ்பாரைச் சொல்லலாம். உப்பளத்தில் மேற்பார்வை வேலை. பாத்தித் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டு, உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வார். இருபத்தைந்து வந்தால் உப்பு இறங்கும். முப்பதைத் தாண்டவிட்டால் கசந்துபோகும். இருபத்திரண்டு வருஷம் இதையே செய்ததில், டிகிரி என்ற சொல்லின்மேல் தமக்கு ஒரு பாத்தியதை இருப்பதாக அவருக்குள் ஓர் எண்ணம். ஆகவே மகள் ஜோசப்பின் பள்ளியில் முதல் மார்க் வாங்கி, மெட்ராஸில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் கல்லூரியில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்புக்கு இடம் கிடைத்ததும், கஸ்பார் அதைத் தாமே வாங்கிய மாதிரி எடுத்துக்கொண்டார். அவர் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எவ்வளவு பெரிய பொறுப்பு! அதை ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் எப்படி ஒப்படைப்பது?

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் செய்தியைச் சொல்லிவிட்டார்.

“எங்களுக்கு சீட் கெடச்சிருச்சி.”

மீன் வியாபாரி தங்கராசு ஜோசப்பினைப் பார்த்துக் கேட்டார்: “என்னாம்மா படிக்கப் போற?”

ஜோசப்பின் வாயைத் திறந்தாள். “டாக்டருக்கு” என்றார் கஸ்பார். ஜோசப்பின் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பழக்கம்தான்.

அதற்குப் பிறகு ஆயத்தங்கள். இந்த வகை அப்பா எப்படி ஆயத்தம் செய்வார் தெரியுமா? கல்லூரியைப் பார்த்திராத அத்தனை பேரிடமும் யோசனை கேட்பார். மெட்ராஸில் கொசு மாடு மாதிரி இருக்கும் என்றார் ஒருவர், கொசுவலை வந்தது. கரண்டு அடிக்கடி போகும் என்றார் இன்னொருவர். டார்ச் லைட்டும் அரிக்கேன் விளக்கும் வந்தன. விடுதியில் மீன் போட மாட்டார்கள் என்று தங்கராசு சொன்னதில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கருவாடு வந்தது. விடுதிக் குழம்பில் உப்பு இருக்காது என்று யாரோ சொன்னபோது கஸ்பாரின் தொழில் மானமே துடித்துவிட்டது. நல்ல வெள்ளை உப்பாகப் பார்த்து, இரண்டு படி, துணிப்பையில் கட்டிப் பெட்டியின் அடியில் வைத்தார். பாம்பு வந்தால் அடிக்க ஒரு தடி மட்டும் பெட்டிக்குள் நுழையவில்லை. அதற்காக அவர் பட்ட வருத்தம் கொஞ்சமல்ல. எல்லாவற்றுக்கும் மேலே, நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த நான்கு பக்கங்களில் புத்திமதிகள். முதல் புத்திமதி: தைரியமாக இரு. மற்றவை எல்லாம் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்பது பற்றி.

இத்தனை நாளும் அம்மா இன்னாசியம்மாள் என்ன செய்தாள்? சொல்லும்படி ஒன்றுமில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் உப்பளத்தில் கூடை சுமந்தவள். தினமும் காலையில் மகளை முன்னால் உட்காரவைத்து, இவ்வளவு வருஷம் தான் பின்னிவிட்ட இரட்டைச் சடையைக் கண்ணாடி இல்லாமல் தானே பின்னக் கற்றுக்கொடுத்தாள். முதல் வாரம் வகிடு கோணிக்கொண்டு போயிற்று. இரண்டாம் வாரம் நேரானது. துணிக்கு நீலம் போட, பிய்ந்த ஓரத்தைத் தைக்க, மாத நாட்களில் யாரையும் கேட்காமல் சமாளிக்க. இதெல்லாம் ஒரு ஆயத்தமா என்ன? கஸ்பார் இதைக் கவனிக்கக்கூட இல்லை.

புறப்படும் நாள் வந்தது. திண்டிவனம் பஸ்ஸின் கூரையில் பெட்டியை ஏற்றும்போதே அவர் ஆரம்பித்துவிட்டார்: “அழக்கூடாதும்மா. அழக்கூடாது. தைரியமா இருக்கணும்.” ஜோசப்பின் அழவில்லை. ஜன்னல் வழியே உப்பு மேடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திண்டிவனம் வருவதற்குள் பதினோரு தடவை சொன்னார். கடைசியில் கண்டக்டர் திரும்பி, “பெரியவரே, நீங்க மொதல்ல மூஞ்சியத் தொடைங்க” என்றார்.

மெட்ராஸில் விடுதித் தலைவி சிஸ்டர் எவுப்ராசியா என்பவர். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. ஒன்றில் கஸ்பார். இன்னொன்றில் ஜமுக்காளம். மனைவியும் மகளும் பின்னால் நின்றார்கள்.

“உன் பேர் என்னம்மா?”

“ஜோசப்பின், சிஸ்டர்” என்றார் கஸ்பார்.

“எந்த ஊர்?”

“மரக்காணம், சிஸ்டர்.”

“சாப்பாட்டுல எதாவது ஒத்துக்காதா?”

“கத்திரிக்கா எங்களுக்கு ஆவாது. அரிப்பு எடுக்கும்.”

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, ஒரு தாளைப் புரட்டினார். “கணக்கு குரூப். சரிதானே?”

“இல்லீங்க சிஸ்டர். டாக்டருக்குப் படிக்கற குரூப்.”

“ஃபாரத்துல கணக்குன்னு எழுதியிருக்கே. கீழ உங்க கையெழுத்துதானே இது?”

அவர் கையெழுத்துதான். சுழியெல்லாம் வைத்து அழகாகப் போட்டிருந்தார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றாத அளவுக்கு அழகாக. எழுதியது ஜோசப்பின், பள்ளித் தலைமை ஆசிரியையிடம் போய் உட்கார்ந்து அவளே நிரப்பியிருந்தாள்.

“மாத்திக்கலாம் சிஸ்டர். புள்ள தெரியாம எழுதிடுச்சி.”

“தெரிஞ்சுதான்பா எழுதினேன்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வீட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து அவள் பேசிய முதல் வாக்கியம். “எனக்குக் கணக்குதான் வேணும்.”

கஸ்பார் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு மகள் தெரியவில்லை. கோயில் வாசல் தெரிந்தது, தங்கராசு தெரிந்தார், டாக்டரம்மா அப்பா என்று அதற்குள் கூப்பிட ஆரம்பித்துவிட்ட டீக்கடை தெரிந்தது. ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே! எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

“அப்ப வா. போவலாம் வீட்டுக்கு” என்றார்.

சிஸ்டர் அதற்கும் அசையவில்லை. “கூட்டிட்டுப் போறதுன்னா தாராளமா போங்க. இந்த இடத்துக்குப் பன்னண்டு பொண்ணுங்க காத்துக்கிட்டிருக்காங்க. மணி அடிக்கறதுக்குள்ள சொல்லிடுங்க.”

மூவரும் வெளியே வராந்தாவுக்கு வந்தார்கள். கஸ்பார் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பெட்டியில் உட்கார்ந்தால் யாரும் தூக்க முடியாது அல்லவா? ராஜதந்திரம்.

“நான் ஊருக்கு என்னான்னு சொல்லுவேன், சொல்லு?”

“எனக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வரும்பா. ஒங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் ஒங்க கால்ல கிளிஞ்சல் வெட்டினப்ப விழுந்துட்டனே.”

தெரியாது. அன்றைக்கு அவர் தம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கணக்குப் படிச்சா என்னா வேல கெடைக்கும்?”

“தெரியலப்பா. ஆனா எனக்கு அது வருது. அது போடறப்ப எனக்கு வேற ஒண்ணுமே தோணறதில்ல. வீட்டுக்கு மட்டும் வரச் சொல்லாதீங்க.”

உள்ளே எங்கேயோ மணி அடித்தது. இன்னாசியம்மாள் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் நீளமாகப் பேசவில்லை.

“ஏங்க, கொஞ்சம் எழுந்திரிங்க.”

“எதுக்கு?”

“எழுந்திரிங்கன்றேன்ல.”

பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டார். இன்னாசியம்மாள் பெட்டியின் ஒரு பிடியைப் பிடித்தாள். “அந்தப் பக்கம் புடிம்மா” என்றாள் மகளிடம். உப்புக்கூடை சுமந்த உடம்பு. இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அலுவலக வாசலில் நின்ற சிஸ்டருக்குத் தலையை அசைத்துவிட்டு, விடுதிக்குள் நடந்தார்கள். கஸ்பார் வாளியோடு பின்னால் ஓடினார். கதவருகே காவல் கிழவர் கையை நீட்டி மறித்தார்.

“இதுக்கு மேல ஆம்பளைங்க போவக்கூடாதுங்க.”

“நான் அப்பா.”

“அப்பாவும் ஆம்பளதானுங்களே.”

ஒரு மணி நேரம் வாளியோடு வெளியே நின்றார். யாருக்கும் புத்திமதி சொல்ல முடியாத ஒரு மணி நேரம். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் நீளமானது. பிறகு இன்னாசியம்மாள் தலையில் ஒரு மூட்டையோடு வந்தாள். அரிக்கேன் விளக்கு, கருவாட்டு டின், இரண்டு படி உப்பு. “இதெல்லாம் வேணாமாம். கொசுவலைய வச்சிக்கினா” என்றாள். மரக்காணத்து உப்பு மெட்ராஸ் பார்த்துவிட்டு மரக்காணத்துக்கே திரும்பியது.

ஊரில் என்ன சொன்னார் என்கிறீர்கள்? இந்த வகையை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நின்று, “டாக்டருங்க தெருவுக்குத் தெரு வந்துட்டாங்கப்பா. கணக்குதான் இனிமே. நான்தான் மாத்திவுட்டேன்” என்றார். தங்கராசு நம்பினார். ஒரு வாரத்தில் கஸ்பாரும் நம்பிவிட்டார்.

அப்புறம் கடிதங்கள். வாரத்துக்கு மூன்று. குளித்ததும் தலை துவட்டு, மாடிப்படியில் கைப்பிடி பிடி, மின்விசிறிக்கு நேர் கீழே படுக்காதே. மகளிடமிருந்து பதினைந்து நாளைக்கு ஒன்று வரும், அம்மா பெயருக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதென்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். படித்துக்காட்டுகிறவர் யார் என்பதும் தெரியும். ஆனாலும் அம்மா பெயருக்குத்தான் எழுதினாள்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு மத்தியானம் வந்த கடிதத்தை வழக்கம்போல உரக்கப் படிக்க ஆரம்பித்த கஸ்பார், மூன்றாவது வரியில் குரலைத் தாழ்த்தினார். எல்லாப் பாடமும் இங்கிலீஷில் நடக்கிறது. ஒன்றும் விளங்கவில்லை. முதல் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்கு இருபத்தியொன்று. டீச்சர் தாளை எல்லார் முன்னாலும் படித்தார். வகுப்புப் பெண்கள் சிரித்தார்கள். அம்மா, நான் வந்துவிடட்டுமா?

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்று குதித்து எழுந்தார் கஸ்பார். சட்டையை மாட்டினார். “இப்பவே போயி கூட்டியாந்துடறேன். கணக்காம் கணக்கு!”

இன்னாசியம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்: “நீங்க வேலைக்குச் சேந்த மொத மாசம் எத்தினி பாத்தியக் கசக்க வுட்டீங்க?”

கஸ்பாருக்கு ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றுபோயிற்று.

“அது வேற.”

“நாலு பாத்தி. அந்த உப்ப வாரிக் கொட்டினது நானு. எனக்குத் தெரியாதா? அத்த எழுதுங்க அதுக்கு.”

“அத்தயா? புள்ளைக்கா?”

“வேற எத்த எழுதுவீங்க? தல தொவட்டச் சொல்லியா?”

சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார், வைத்தார், எடுத்தார். புத்திமதி சொல்ல நாலு பக்கம் போதாத மனிதருக்கு அன்றைக்கு ஆறு வரி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

‘ஜோசப்பினுக்கு அப்பா எழுதுவது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் டிகிரியைத் தப்பாகப் பார்த்து நான்கு பாத்தி உப்பைக் கசக்கவிட்டேன். முதலாளி எல்லார் முன்னாலும் திட்டினார். கூலிக்காரர்கள் சிரித்தார்கள். இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் போனேன். நீ வந்தால் வீடு இருக்கிறது.’

கை சும்மா இருக்குமா? ‘ஆகவே இதிலிருந்து நீ’ என்று அடுத்த வரியை ஆரம்பித்தார். படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த இன்னாசியம்மாள், “போதும். அத்த அடிச்சிட்டு ஒட்டுங்க” என்றாள். அடித்துவிட்டு ஒட்டினார்.

பத்து நாள் பதில் இல்லை. கஸ்பார் தபால்காரரை உப்பளத்து வரப்பிலேயே மறிக்க ஆரம்பித்தார். பதினோராம் நாள் வந்தது. முகவரியில் முதல் தடவையாக அவர் பெயர். உள்ளே நான்கே வரி. வரவில்லை, இங்கேயே இருக்கிறேன். சிஸ்டர் எவுப்ராசியா சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லித்தருகிறார். நீங்கள் தோப்பில் உட்கார்ந்திருந்தபோது சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், அப்பா?

இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவரை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தங்கராசுவிடம்கூட அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. திறக்காமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தார் என்றால் பாருங்கள்!

உடனே மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஜோசப்பின் திண்டிவனத்தில் பஸ் மாறித் தனியாகவே வந்து இறங்கினாள். அரைப் பரீட்சையில் கணக்கில் ஐம்பத்தெட்டு. நேர் வகிடு, இரட்டைச் சடை, தோளில் ஒரே ஒரு பை. கஸ்பார் பாய்ந்து பையைப் பிடுங்கப் போனார். “இருக்கட்டும்பா, கனமில்ல” என்று சிரித்தாள். அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்தில் நடந்தார். எதிரே வந்த தங்கராசுவிடம், “தனியா வான்னு நான்தான் எழுதினேன். பழகணும்ல?” என்றார். ஜோசப்பின் வாயைத் திறந்தாள். அப்புறம், பாவம் போகட்டும் என்று மூடிக்கொண்டாள்.

அது சரி. நீங்கள் ஏன் இந்தப் பக்கத்தின் ஓரத்தை மடிக்கிறீர்கள்? கத்தரித்து, விடுதியில் இருக்கும் உங்கள் பிள்ளைக்குத் தபாலில் அனுப்பலாம் என்றா? அதுவும் சும்மா இல்லை, முக்கியமான இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டா? அனுப்புங்கள், அனுப்புங்கள். பிரித்துப் பார்த்ததும் பிள்ளைக்குப் புரிந்துவிடும், இது யாரைப்பற்றி எழுதியது என்று.