சாசுபாம்மா தேடிய பாரசீகம்

பிரசவ வலியோடு பாரசீகப் பேரரசின் வரலாற்றையும் சேர்த்து அனுபவித்த பெண்கள் உலகத்திலேயே புதுச்சேரியில் மட்டும்தான் இருந்திருப்பார்கள். அதற்குக் காரணம் சாசுபாம்மா. பிரெஞ்சில் மருத்துவச்சியை ‘சாஜ்ஃபாம்’ என்பார்கள். எங்கள் தெரு அதை வாயில் போட்டு மென்று, ஓர் ‘அம்மா’வையும் ஒட்டிவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் அவர் கணவருக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த வருடங்கள். அவர்கள் விட்டுப்போன புத்தகங்கள் நான் வேலை பார்த்த பழைய புத்தகக் கடையில் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தன. ஒருநாள் சாசுபாம்மா பிரசவப் பையோடு உள்ளே நுழைந்தார். எந்த ஆம்பிளையும் அவருக்கு ‘முசே’தான், பிரெஞ்சு ‘ஐயா’.

“முசே, பாரசீக ராஜாங்க கதை இருக்கா? ஒண்ணுந் தெரியாதவங்களுக்கும் புரியணும்.”

“உங்களுக்காம்மா?”

“எனக்கெதுக்கு? வலியில படுத்திருக்கிற பொண்ணுங்களுக்கு. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தாத்தான் பயம் தெரியாது. புராணக் கதை சொன்னா மாமியாருங்க குறுக்க பூந்து முடிவச் சொல்லிடறாங்க. பாரசீகம்னா எந்த மாமியாருக்கும் தெரியாது பாருங்க!”

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு குறை சொல்லமாட்டார்கள். நான் எடுத்துக் கொடுத்த முதல் புத்தகத்தின் தொடக்கத்திலேயே வம்சாவளி. “இத படிச்சு முடிக்கிறதுக்குள்ள புள்ள பொறந்து பள்ளிக்கூடம் போயிடும்” என்று தள்ளினார். அடுத்தது கிரேக்கர்களோடு நடந்த சண்டையில் ஆரம்பித்தது. “இது எதிராளி குடுத்த வாக்குமூலம். அவங்க வீட்டுக் கதைய அவங்க வீட்டுல இருந்து ஆரம்பிக்க வேணாமா?” அதுவும் போயிற்று. இன்னொன்று அம்மிக்கல் கனம். “ஒரு கையில புடிக்கணும் முசே. இன்னொரு கைக்கு வேலை இருக்கு.”

கடைசியில் இரண்டு தேறின. “எது நல்லதுன்னு வலியில இருக்கிறவதான் சொல்லணும்” என்று பையில் போட்டுக்கொண்டு போனார்.

சொன்னது என் மனைவி கமலா.

அவளுக்குத் தலைப்பிரசவம். காலையில் பிடித்த வலி மத்தியானமாகியும் ஓயவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே, “என்னால முடியலம்மா, செத்துடுவேன்” என்று அழுதாள். சாசுபாம்மா பதறவில்லை. பிரெஞ்சில் பார்த்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். வரி, நாணயம், மாகாண நிர்வாகம்...

“நிறுத்துங்க! இது என்ன தாசில்தார் ஆபீசா?” என்று கமலா அலறினாள்.

“இது பெயிலு” என்ற சாசுபாம்மாவின் குரலும், புத்தகம் மூலையில் போய் விழும் சத்தமும் கேட்டன.

இரண்டாவது புத்தகம் சைரஸ் என்ற ராஜாவிடமிருந்து தொடங்கியது. மலைநாட்டிலிருந்து கிளம்பினான், நாடு நாடாகப் பிடித்தான். கமலாவின் அழுகை குறைந்தது. பிறகு ஒரு சின்னக் குரல்: “அப்புறம்?”

“அப்புறம் பாபிலோன். மானம் முட்டற மதிலு. பெரிய பெரிய கதவு. படை வாசல்ல வந்து நிக்குது. மூச்ச இழுத்துப் புடி! ஊர்க்காரங்களுக்கோ அவங்க ராஜாவையே புடிக்கல...”

“கதவத் தெறந்தாங்களா?”

“முக்கும்மா!”

“கதவத் தெறந்தாங்களா இல்லியா, சொல்லித் தொலைங்க!”

“தெறந்துட்டாங்கடி!”

அந்தக் கணத்தில் ‘வீல்’ என்று ஒரு சத்தம். என் அம்மா வெளியே ஓடிவந்தார். “பொண்ணுடா! சண்டையே இல்லாம உள்ள போயிட்டானாம்டா!” என்று இரண்டு சேதியையும் ஒன்றாகச் சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

தவளக்குப்பத்தில் இன்னொரு வீட்டில் எதிர்பார்ப்பார்கள் என்று சாசுபாம்மா பையைத் தூக்கினார். கமலா அவர் முந்தானையை விடவில்லை. “மீதியச் சொல்லிட்டுப் போங்க. உள்ள போனவன் அந்த சனங்கள என்ன பண்ணான்?”

“அடிமையா கெடந்தவங்கள அவங்கவங்க ஊருக்கு அனுப்பிவெச்சான்.”

கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாசுபாம்மா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். “காப்பி குடிச்சிட்டுப் போறேன்” என்றார். அம்மா வேண்டுமென்றே அடுப்பை மெதுவாக மூட்டினார்.