கதையில் திருடிய தண்ணீர்க் குடம்

அருப்புக்கோட்டை,
16-8-74

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் பொன்ராஜ் பணிந்து எழுதுவது. இங்கே நானும் தங்கள் மகள் சண்முகவடிவும் பிள்ளைகளும் நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

நரிக்குடி பஸ்ஸில் தாங்கள் கொடுத்தனுப்பிய பித்தளைக் குடம் நசுங்காமல் வந்தது. தபாலில் தங்கள் கார்டும் வந்தது. 'திருடிய குடத்தைக் கொடுக்க மனமில்லையென்றால் இதையாவது கொடுத்து மானத்தைக் காப்பாற்று, அதுவரை உன் வாசலை மிதிக்க மாட்டேன்' என்று தாங்கள் எழுதியிருந்ததை எனக்கு முன்பே தபால்காரர் படித்துவிட்டு, என் கடையில் புண்ணாக்கு வாங்க நின்ற மாரிக்கனியக்காவுக்கும் படித்துக் காட்டிவிட்டார். அன்று முதல் அந்த அக்கா என் தராசை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

மாமா, நான் குடம் திருடியது உண்மை. ஆனால் அப்படி ஒரு குடமே கிடையாது. கண்டக்டர் முத்துராமலிங்கம் தங்களிடம் 'உங்க மருமகன் ராமசுப்பு குடத்தைத் தூக்கிட்டாருல்ல' என்று சிரித்தாரே, அது ஓர் ஆட்டத்தில் நடந்தது என்று சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டதாம்.

ஓய்வுபெற்ற இன்பராஜ் வாத்தியார் ஒரு கதையாட்டம் கண்டுபிடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கூடுவோம். அவர் கதை சொல்லுவார், நாங்கள் கதைக்குள் ஆட்களாகப் போய், என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். பூதம் தூக்கிப்போன ராஜாவின் கிரீடத்தை மீட்கப் புறப்பட்டோம். முத்துராமலிங்கம் போர்வீரன், எம்.ரெட்டியபட்டியில் வெள்ளாமை செய்யும் சம்சாரி ராமசுப்பு வைத்தியர், பூட்டுத் திறக்க நான் திருடன். மூன்றாவது ஞாயிறு, கதையில் பொட்டல்காட்டைக் கடக்கிறோம், உச்சி வெயில், மற்ற இருவரும் மரத்தடியில் கண்ணயர்ந்துவிட்டார்கள், என் சுரைக்குடுக்கையில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ராமசுப்புவிடம் ஒரு குடம் நிறைய இருக்கிறது. நான் வாத்தியார் காதில் சொல்லிவிட்டுக் கட்டையை உருட்டினேன். தாயம் விழுந்தது. குடத்தோடு நழுவினேன்.

வாத்தியார் அறிவித்தார்: "வைத்தியர் கண்ணு முழிக்கிறார். குடத்தைக் காணோம்."

"யாரு எடுத்தா?" என்றார் ராமசுப்பு.

நான் சிரித்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதன்பின் ஆறு ஞாயிறு வரவில்லை.

திருடன் வேஷம் கட்டியவன் திருடாமல் பஜனையா பாடுவான் என்று வாத்தியார் எனக்காக வாதாடினார். பதினாறு வருஷமாகப் பருத்திக்கொட்டையில் ஒரு கை குறைத்து அளக்காத எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்து தங்கள் மகளிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "பூதத்துக்கிட்ட திருடியிருந்தா சரி. கூட வந்த மனுசன் தூங்குறப்ப எடுத்தீகளே, அது எந்த வேசத்துல சேத்தி?" என்றாள்.

அதனால் தாங்கள் அனுப்பிய குடத்தைத் தெருக்குழாயில் வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். குடத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள். பாதித் தண்ணீர் பக்கத்து சீட்டு அம்மாளின் மடியில் போனது, அவர் ரெட்டியபட்டி வரைக்கும் என் பரம்பரையை விசாரித்துக்கொண்டே வந்தார்.

ராமசுப்பு வறண்ட கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். குடத்தை முன்னால் வைத்து, "ராமசுப்பு, ஆட்டத்துல எடுத்ததுக்கு இது" என்றேன்.

அவர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இந்தக் கெணறு வைகாசியோட வத்திருச்சு. வழிக்கு என்ன கொண்டு போறன்னு வாத்தியார் கேட்டப்ப நீங்கல்லாம் கத்தி, கயிறுன்னு எழுதுனீக. நான் ஒரு குடம் தண்ணின்னு எழுதுனேன். வாரம் பூரா அதை நெனச்சுக்கிட்டுத்தான் படுப்பேன். கதையிலயாச்சும் நம்மகிட்ட ஒரு குடம் தளும்பத் தளும்பக் கெடக்குன்னு. அதைப்போயி எடுத்துட்டீகளே."

அவர் மனைவி ராக்கம்மாள் வந்து, அவருக்கு ஒரு செம்பு கொடுத்துவிட்டு, மீதியைக் கன்றுக்குட்டிக்கு வைத்தார். அது மடமடவென்று குடித்ததைப் பார்த்தபோது, திருடியது நிஜக் குடமாகவே இருந்திருக்கலாம், திருப்பிக் கொடுக்கவாவது வழி இருந்திருக்கும் என்று தோன்றியது. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஆட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட மனசு வரவில்லை.

இனி என் ஆயுசுக்கும் தாயக்கட்டையைத் தொடுவதில்லை என்று பிள்ளைகள் தலைமேல் சத்தியம் செய்கிறேன். தாங்கள் கோபம் மறந்து வாசலை மிதிக்க வேண்டும். அத்தைக்கும் மைத்துனர் சுப்புராஜுக்கும் எங்கள் வணக்கங்கள். தாங்கள் இருவரும் நூறாண்டு இருந்து எங்களைத் திட்ட வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
பொன்ராஜ்

பி.கு.: ஸ்டாம்பு இல்லாமல் கடிதம் இரண்டு நாள் கிடந்துவிட்டது. இன்று ஞாயிறு. காலை பஸ்ஸில் ராமசுப்பு வந்து இறங்கி, வாத்தியார் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "இனிமே வைத்தியரா வரமாட்டேன். திருடன் வேசம் எனக்குத்தான். அண்ணாச்சி மூட்டையில என்னென்ன இருக்குன்னு மொதல்ல எழுதச் சொல்லுங்க" என்று வாத்தியாரிடம் சொல்லி, தாளை என் பக்கம் தள்ளினார். ஆகவே மேலே கண்ட சத்தியத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். நான் இரண்டு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தேன், மாமா.