வியாழக்கிழமை நகரவில்லை

"இன்னிக்கும் வியாழக்கிழமைதான் சார்," என்றார் அட்டெண்டர் பெருமாள், டீயை வைத்தபடி.

ஜெயகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றும் வியாழன். முந்தாநாளும் வியாழன். வெள்ளிக்கிழமை காலை செகந்திராபாத் சர்ச்சில் அவனுக்கும் லோயிஸுக்கும் கல்யாணம். வெள்ளி வந்தால்தானே!

வினை அவன் வைத்ததுதான். அவன் வேலை பார்க்கும் மல்லாபூர் பக்கத்து அரசு ஆலையின் கம்ப்யூட்டர் மொழியில் 'ஃபிக்ஸ்' என்று ஒரு சொல்லைப் புதிதாகச் சேர்த்திருந்தான். ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்து ஃபிக்ஸ் போட்டுவிட்டால், ப்ரோகிராமின் அந்தப் பகுதிக்குள் அதை எந்தக் கொம்பனாலும் மாற்ற முடியாது. சோதித்துப் பார்க்க அன்றைய தேதியைக் கொடுத்தான். போதாத காலம்! ஆலைக்குள் தேதி அப்படியே நின்றுவிட்டது. சாயங்காலம் கேட்டைத் தாண்டினால் வீடு வருவதில்லை. காலை வெயிலில் மறுபடி அதே கேட்டுக்குள்தான் நுழைகிறான்.

அங்கே ப்ரோகிராமர் தாளில் எழுதுவார், ஆபரேட்டர் கம்ப்யூட்டரில் அடிப்பார். ப்ரோகிராமர் அவன்; ஆபரேட்டர், லோயிஸ்தான்.

"அந்த ஃபிக்ஸை எடுத்துடு லோயிஸ்," என்று எழுதி நீட்டினான்.

"ஹவ், எடுத்துடறேன். கவலைய விடுங்க," என்றாள். செகந்திராபாத்காரி; 'ஆமாம்' என்பதை 'ஹவ்' என்பாள், 'ஏன்' என்பதைக் 'கைக்கு' என்பாள்.

மறுநாளும் வியாழன். போதாக்குறைக்குச் சுவர்க்கடிகாரமும் நின்றிருந்தது.

மொழியிலிருந்தே அந்தச் சொல்லைப் பிடுங்கும்படி எழுதிக் கொடுத்தான். அடுத்த வியாழன், கேன்டீன் வரிசையில் நேற்றைய ஜோக்குக்கு நேற்றுச் சிரித்த இடத்திலேயே சிரித்தார்கள். ஒருவர்கூடக் கண் சிமிட்டவில்லை.

ப்ரோகிராம் முழுவதையும் அழிக்கும்படி எழுதினான். அதற்கடுத்த வியாழன், வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"நாளைக்குக் கல்யாணமாமே!" என்றார்கள் ஒரே குரலில்.

அலறியடித்துக்கொண்டு லோயிஸிடம் ஓடினான்.

"கைக்கு இவ்ளோ டென்ஷன்? நான் இருக்கேன்ல?" என்று இன்னொரு தாளையும் வாங்கிக்கொண்டாள். இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வராந்தாவில் நின்ற பெருமாளிடம் சொன்னான்: "நல்லவேளை, அவ இருக்கா. நான் எழுதறதை ஒரு எழுத்து பிசகாம அடிச்சுடறா."

பெருமாள் தலையைச் சொறிந்தார்.

"உங்க தாளையெல்லாம் அந்தம்மா என்கிட்ட குடுத்து கேன்டீன் அடுப்புல போடச் சொல்லிட்டு, அவங்களா இன்னொரு ஃபிக்ஸ் அடிக்கறாங்க சார். பாவம், நாளைக்குன்னு ஒண்ணு வந்தா அவங்களுக்குக் கல்யாணமாமே!"