வழியை மறிக்காதீர்

சோபா பாதி வீட்டுக்குள்ளும் பாதி தெருவிலுமாக நின்றது. தள்ளினாலும் போகவில்லை, இழுத்தாலும் வரவில்லை.

தெருப்பக்கம் பாண்டிச்செல்வம். உள்ளே அவர் மனைவி கற்பகவல்லியும் மகள் பிரீத்திகாவும். வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. பிரீத்திகாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் சாத்தூரிலிருந்து கிளம்பிவிட்டதாக ஏற்கனவே போன் வந்துவிட்டது. வந்த வரனெல்லாம் தட்டிப்போய், ஜாதகமும் படிப்பும் கூடி வந்திருந்த ஒரே இடம் இது. இதுவும் கைநழுவிப் போய்விடுமோ என்று பாண்டிச்செல்வம் பயந்தார்.

"அளந்து பாத்து வாங்குங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் கற்பகவல்லி, உள்ளேயிருந்து.

"அளந்துதான வாங்குனேன்."

"எத அளந்தீக?"

"சோபாவ."

"வாசல?"

பாண்டிச்செல்வம் சோபாவை இன்னொரு தள்ளு தள்ளினார்.

அவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். வேலை நடக்கிற அறை வாசலில் ஒரு வாளி இருந்தால்கூட, "ஏலே, வழிய மறிக்காதீகலே!" என்று தொண்டை கிழியக் கத்துவார். போன தீபாவளிக்கு போனஸோடு கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகிலும் சிவப்பு எழுத்தில் அதையே அச்சடித்திருந்தார்கள்: 'வழியை மறிக்காதீர்'.

சம்பந்தம் பேச வருகிறவர்களை அதிலா உட்காரவைப்பது? அப்படித்தான் சோபா யோசனை பிறந்தது. கடைக்காரரும் விலையைக் குறைத்தே கொடுத்தார்.

"ஒரு வீட்டுக்குப் போயிட்டு மறுநாளே திரும்பி வந்த பீஸு, அண்ணாச்சி. அந்த வீட்டம்மாவுக்குக் கலர் பிடிக்கலையாம். கைப்பிடியில ஒரு கீறல், அம்புட்டுத்தான்."

வாசல் கதை வேறு. தலைவாசல் இவ்வளவு அகலமாக இருந்தால் வருகிற வரன் நிற்காமல் ஓடிவிடும் என்று போன வருசம் ஏழாயிரம்பண்ணை வாஸ்துக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். பாண்டிச்செல்வம் நல்ல தேக்கு நிலையைப் பெயர்த்துவிட்டு, சின்னதாக ஒரு புது நிலை வைத்தார். ஆக, வரனுக்காகச் சுருக்கிய வாசலில் வரனுக்காக வாங்கிய சோபா மாட்டிக்கொண்டது.

சாய்த்துப் பார்க்கலாம் என்றார் கடையின் லோடு ஆட்டோவை ஓட்டிவந்த காசிராஜன். சாய்த்ததில் சோபாவின் கால் உள்ளே போய், கற்பகவல்லி சீராகக் கொண்டுவந்த பீரோவில் முட்டியது. அம்மாவும் மகளும் பீரோவை நகர்த்தினார்கள். அது கதவோடு ஒட்டி நின்றதில், இனிமேல் கதவைக் கழற்றவும் வழியில்லாமல் போயிற்று. கடைசியாக, நிலையில் தேங்காய் எண்ணெய் தடவுவது என்று பாண்டிச்செல்வம் முடிவுசெய்தார். சோபா வழுக்கிக்கொண்டு ஒரு சாண் உள்ளே போய், ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிட்டது.

"இருங்க, கயிறு எடுத்துட்டு வந்துருதேன்" என்று காசிராஜன் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனார்.

"கம்பெனியில இப்பிடி மறிச்சு வச்சிருந்தா, ஆபீசர் வந்து சீல் வச்சிருவாகள்ல?" என்று கற்பகவல்லி நிதானமாகக் கேட்டாள்.

"நீ வேற ஏன்டி வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சுத?"

அதற்குள் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா லட்சுமிகாந்தம், அம்மா பொன்னுத்தங்கம், மாப்பிள்ளைப் பையன் மூவரும் இறங்கினார்கள்.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க!" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, பாண்டிச்செல்வம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கண்ணில் படக் கூடாதென்று எதிர்வீட்டில் ஒளித்துவைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் திரும்பி வந்தன. மாப்பிள்ளை வீட்டார் 'வழியை மறிக்காதீர்' என்பதில் முதுகைச் சாய்த்து, மறித்துக் கிடந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். சோபாவுக்கு மேலிருந்த சந்து வழியாகப் பிரீத்திகா காபித் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளை எழுந்துபோய் வாங்கினான். வாங்கியவன் திரும்பிவரக் கொஞ்சம் நேரமானது. உள்ளே பிரீத்திகா சிரிக்கிற சத்தம் கேட்டது.

பாண்டிச்செல்வத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "தப்பா எடுத்துக்கிடாதீக. நீங்க வசதியா உக்காரணுமேன்னுதான்..." என்று இழுத்தார்.

லட்சுமிகாந்தம் எழுந்துபோய்ச் சோபாவின் கைப்பிடியைத் தடவினார். கீறல் வந்த இடத்தில் விரல் நின்றது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பொன்னுத்தங்கம் அவசரமாகக் காபியைக் குடித்தார்.

"நிலை புதுசோ?" என்று கேட்டார் லட்சுமிகாந்தம்.

"ஆமா, போன வருசம் மாத்துனது."

"ஏழாயிரம்பண்ணைக்காரரு சொன்னாரோ?"

"அட, ஆமா! ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பொன்னுத்தங்கத்துக்குப் புரை ஏறியது. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கிடலாங்க" என்றார்.

பாண்டிச்செல்வத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. 'அப்புறம் பேசிக்கிடலாம்' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் இதுவரை இந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் காசிராஜன் கயிறோடு வந்து இறங்கினார். லட்சுமிகாந்தத்தைக் கண்டதும் அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அடடே, சாத்தூர் அண்ணாச்சியா! நல்ல நேரத்துல வந்தீக. இதே சோபா ஒங்க வீட்டு வாசல்ல மாட்டுனப்ப, எந்தப் பக்கம் சாச்சு வெளிய உருவுனோம்?"