சாம்பிள் சாரின் இடுப்பு

மஞ்சக்குப்பத்தில் சாம்பிள் சார் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் ஆபீஸிலிருந்து ஒன்பது பேர் போயிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் சிதம்பரத்திலிருந்து இரண்டு வேனில் வந்திருந்தார்கள். வராதவர் சாரின் தம்பி மட்டும்தான். அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம். காரணம் இருவருக்குமே சரியாக நினைவில்லை.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் சாம்பிள் சாரின் முதுகில் படாத வைத்தியக் கை ஒன்றுகூடக் கிடையாது என்று நான் எழுதியே கொடுப்பேன். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்த நிச்சயதார்த்தம். தட்டு மாற்றப் பாயில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. பீரோவைத் தூக்குவதுபோல மூன்று பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம்.

அவர் வீட்டம்மா அங்கேயே சொல்லிவிட்டார். "கல்யாணத்துல தாரை வாக்க முக்கா மணி நேரம் சம்மணம் போட்டு ஒக்காரணும். ஒங்களால ஆவலன்னா ஒங்க தம்பியும் அவரு பொண்டாட்டியும்தான் ஒக்காரணும். பாத்துக்குங்க."

"நாற்காலி போட்டுக்கலாமே சார்" என்றேன்.

"பொண்ணத் தாரை வாக்கறவன் நாற்காலியில ஒக்காந்தா, ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்த மாதிரி இருக்கும்டா."

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டுத் தினமும் செய்ய ஆறு பயிற்சிகளை எழுதிக் கொடுத்தார். சாருக்குத் திருப்தியில்லை. "மனுஷன் என் முதுக ஒரு தடவகூடத் தொடலியே. தொடாம என்னடா வைத்தியம்?"

தொடும் வைத்தியர்களைத் தேடிப் புறப்பட்டோம். சார் எங்கள் ஆபீஸில் கொள்முதல் பிரிவு. பேப்பரோ பினாயிலோ, சாம்பிள் பார்க்காமல் ஆர்டர் போடமாட்டார். பெயர் அப்படி வந்ததுதான். வைத்தியத்துக்கும் அதே விதி. முதலில் ஓர் ஆளுக்குச் செய்து காட்ட வேண்டும், பிறகுதான் அவர் படுப்பார். அந்த ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்பதால், மேலே இருப்பவர் சொன்னதைச் செய்வதும் படிப்பில் சேர்த்தி என்று நினைத்திருந்தேன்.

துறைமுகம் பக்கம் ஒருவர் உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறி மிதிப்பார். என்மேல் ஏறினார்.

"எப்பிடி இருக்கு?" என்றார் சார்.

"மூச்சு வரல சார்."

"மூச்சு வேற செக்‌ஷன். முதுகச் சொல்லு."

செம்மண்டலத்தில் ஒரு மாடி அறையில் குவளைகளைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைத்தார்கள். என் முதுகில் பதினாறு வட்டம். அந்த வாரம் எங்கள் ஊர் பெண்ணாடத்துக்குப் போனபோது அம்மா பார்த்துவிட்டாள். கரும்பு வெட்டி என்னைப் படிக்கவைத்தவள். ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கவர்மெண்ட் வேலையில இப்பிடியாடா அடிப்பாங்க?"

கடைசியாகச் சிதம்பரத்தில் எலும்பைச் சொடுக்கெடுக்கும் ஒருவர். என் கழுத்தை ஒரு திருப்புத் திருப்பினார். தேங்காய் உடைத்ததுபோல் சத்தம்.

"வலி இருக்கா?" என்றார் சார்.

"எனக்கு முன்னாடியே இல்லியே சார்."

"இப்பவும் இல்லல்ல? அப்ப நல்ல வைத்தியம்." தானும் படுத்தார்.

அவர் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்த இரண்டு பேருக்கு வலி விட்டுப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் சாருக்குப் புதுச்சத்திரம் வரை வலியே இல்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் என்னிடம் குனிந்து சொன்னார்: "அடுத்த பஸ்ஸ புடிச்சி வந்துடுச்சிடா."

அதற்குள் கல்யாண நாள் வந்துவிட்டது. சிதம்பரத்தில் மண்டபம். சார் பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியோடு மணவறையில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் முகம் சாம்பலாகிவிட்டது. பதினைந்தாவது நிமிஷத்தில் உடம்பு மெல்லப் பின்னால் சரியத் தொடங்கியது. ஐயர் மந்திரத்தை நிறுத்துவதாக இல்லை. மகள் தலை குனிந்தபடியே ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிசையிலிருந்து சாரைப் போலவே மூக்கும் வழுக்கையும் கொண்ட ஒருவர் எழுந்தார். வீட்டம்மா யாருக்கும் சொல்லாமல் பத்திரிகை வைத்திருக்கிறார். மணவறையில் ஏறி, சாரின் முதுகோடு தன் முதுகை ஒட்டி, சபைக்குக் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"சாஞ்சிக்க அண்ணா. பேச வேணாம்."

"யாரு பேசுனா?" என்றார் சார். சாய்ந்துகொண்டார்.

பாக்கி அரை மணி நேரமும் அப்படியே. தாரை வார்த்தாயிற்று, தாலியும் ஏறியது. போட்டோக்காரர் அந்த நீட்டிய காலை மறைக்க எவ்வளவோ முயன்றார். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் இருக்கிறது. முடிந்ததும் இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணனின் பாரத்தில் தம்பி இடுப்பும் பிடித்துக்கொண்டது.

இருவரையும் கடலூரில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் நான்தான் அழைத்துப்போனேன். எலும்பு டாக்டர் எழுதிய அதே ஆறு பயிற்சிகள், ஆனால் கை வைத்துச் செய்யவைத்தார். தினம் ஆளுக்கு முந்நூறு, பத்து நாள். ஒரே ஆட்டோவில் போனார்கள், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தார்கள். பேச்சு மட்டும் இல்லை.

பத்தாம் நாள் சார் இரண்டு பேருக்குமாக ஆறாயிரத்தைக் கவுண்டரில் கட்டினார். அதே நேரம் உள்ளே தம்பியும் அந்தப் பெண்ணின் கையில் ஆறாயிரத்தைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் இருவரையும் கூப்பிட்டு ஓர் ஆறாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்.

"நான் கட்டுனது கட்டுனதுதான். அவங்கிட்ட குடுங்க" என்றார் சார்.

"அண்ணங்கிட்ட குடுங்க" என்றார் தம்பி.

கடைசியில் அந்த ஆறாயிரத்தைக் கழிக்க இருவரும் இன்னும் பத்து நாள் சேர்ந்து போய்வந்தார்கள். மொத்தம் பன்னிரண்டாயிரம் ரூபாய்.